பழைய டைனா லாரியும் கிரவுன் டாக்சியின் இன்ஜினும்

வேறொரு காரின் இன்ஜினை எடுத்துப் பழைய லாரியில் பொருத்தலாமா என்ற கேள்வி எங்கள் குடும்பத்தில் 2013ஆம் ஆண்டு எழுந்தது. என் தாய்மாமா அப்போது சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் விடியுமுன் காய்கறி ஏற்றி, தேக்கா வட்டாரக் கடைகளுக்கு விநியோகித்து வந்தார். அவருடைய வண்டி 1998இல் பதிவான டொயோட்டா டைனா. 2,779 சிசி கொண்ட, 3எல் என்ற வகை டீசல் இன்ஜின் அதில் இருந்தது. சில காலமாகவே அது ஆயில் குடிக்கத் தொடங்கியிருந்தது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதன் மேல் வைத்தால், அது ஒரு நொடிகூட நிலைகொள்ளாமல் துள்ளிக் கீழே விழும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. பத்து ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும் என்பதால், அடுத்த சோதனையில் புகை அளவு தேறாது என்ற அச்சம் மாமாவுக்கு இருந்தது.

அந்த நேரத்தில் பழைய டொயோட்டா கிரவுன் டாக்சி ஒன்று பார்வைக்கு வந்தது. 2006 அக்டோபரில் டீசல் வாகனங்களுக்குப் புகை மாசைக் கட்டுப்படுத்தும் யூரோ 4 விதி நடப்புக்கு வந்தபின் அந்த வகை டாக்சிகளைப் புதிதாகப் பதிவுசெய்ய முடியாமல் போயிற்று. டாக்சிக்கு அப்போது விதிக்கப்பட்டிருந்த ஆயுள் எட்டு ஆண்டுகள் என்பதால், 2014க்குள் அவை அனைத்தும் சாலையை விட்டு நீங்க வேண்டியிருந்தது. ஆகவே பழைய வண்டி உடைக்கும் இடங்களில் அவை வரிசையாக நின்றன. இரண்டு வண்டிகளுக்கும் இடையே உண்மையான பொருத்தமும் இருந்தது. கொரோலா போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருப்பதால் அதை லாரிச் சட்டத்தில் உட்கார வைப்பதே பெரும்பாடு. கிரவுனோ பின்சக்கர இயக்கம் கொண்டது, இன்ஜின் நெடுக்குவாட்டில் இருப்பது, அதிலும் டைனாவில் இருந்த அதே எல் வரிசை டீசல். "ஒரே குடும்பத்து இன்ஜின், கியர்பாக்ஸோடு அப்படியே சேரும்" என்று விற்பவர் சொன்னதும் மாமா பாதி முடிவுக்கு வந்துவிட்டார்.

எனக்கு அதில் தயக்கம் இருந்தது. ஒரு டாக்சி இரண்டு ஓட்டுநர்களிடம் மாறி மாறி ஓடும் வண்டி. அது ஓடிய கிலோமீட்டர் ஒரு பக்கம் இருக்கட்டும்; டாக்சி நிறுத்தத்தில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே இயங்கிய மணிக்கணக்கை எந்த மீட்டரும் காட்டாது. இன்ஜின் இன்னும் காரிலேயே இருந்ததால், அதை இறக்குவதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, பார்க்க வேண்டும் என்று கேட்டோம். சின் மிங் வட்டாரப் பட்டறையில் இருந்த எங்கள் மெக்கானிக், சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளையில் மானியை முறுக்கி, ஒவ்வொரு சிலிண்டராக அளந்தார். 3எல், 2எல் இன்ஜின்களுக்கு நல்ல நிலையில் சதுர சென்டிமீட்டருக்கு 32 கிலோ இருக்க வேண்டும். 20க்குக் கீழே போகக் கூடாது. சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடும் 5க்கு மேல் இருக்கக் கூடாது. அந்த டாக்சியில் மூன்று சிலிண்டர்கள் 27, 28 என்று காட்டின, நான்காவது 21இல் நின்றது. கீழ் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது என்று விற்பவர் வாதாடினார். ஆனால் மற்றவற்றைவிட ஒரு சிலிண்டர் இவ்வளவு பின்தங்கியிருக்கும் இன்ஜினில் சுமை ஏற்றினால் அது சீராக இழுக்காது, புகையும் குறையாது என்பதுதான் எங்கள் மெக்கானிக்கின் கருத்து. நானும் அதையே நம்பினேன்.

இன்ஜின் நலமாகவே இருந்திருந்தாலும் பொருத்தும் வேலை, விற்பவர் சொன்ன அளவுக்கு எளிதாக இருந்திருக்காது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் காரில் ஓரிடத்தில் ஆழமாக இருக்கும், லாரியில் அதே இடத்தில் குறுக்குச் சட்டம் வந்து இடிக்கும். அப்போது சம்ப்பையும் ஆயில் உறிஞ்சும் குழாயையும் பழைய இன்ஜினிலிருந்து மாற்ற வேண்டும். டைனாவில் இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் மவுண்ட் பிராக்கெட், புகைபோக்கிக் குழாயின் வளைவு, டிப்ஸ்டிக் இருக்கும் பக்கம் ஆகிய எல்லாமே வேறுபடும். பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் பம்பு இந்த இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் இருக்கிறது. அதை மறந்து வெறும் ஆல்டர்னேட்டரை மாட்டினால், சுமையோடு வரும் லாரியின் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். லாரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். எங்களுடையது 12 என்பதால் அந்தச் சிக்கல் வரவில்லை. 24 வோல்ட் லாரியாக இருந்தால் ஸ்டார்ட்டர், க்ளோ பிளக், டீசலை நிறுத்தும் சோலனாய்டு அனைத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பதிவுப் புத்தகம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் சேஸிஸ் எண்ணோடு இன்ஜின் எண்ணும் இருக்கிறது. எல் வரிசையிலேயே 2எல் 2,446 சிசி, 5எல் 2,986 சிசி என்று கொள்ளளவுகள் வேறு வேறு. டாக்சி இன்ஜினின் பிளாக்கில் வார்ப்பெழுத்தாக இருந்தது 3எல் அல்ல. அப்படி வேறு வகை இன்ஜினை ஏற்றினால் முன் அனுமதி பெற வேண்டும், சோதனைக்குக் காட்ட வேண்டும், காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நேரும் நாளில் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். சிறிய இன்ஜின் போட்டால் சாலை வரி குறையும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கார்களுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். சரக்கு வாகனங்களுக்கு வரி, சுமையோடு சேர்ந்த உச்ச எடையை வைத்தே கணக்கிடப்படுகிறது.

பிறகு நாட்களைக் கணக்கிட்டோம். மாமா 2008இல், வண்டியைச் சாலையில் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழைப் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருந்தார். சரக்கு வாகனத்தின் சட்டபூர்வ ஆயுள் 20 ஆண்டுகள் என்பதால், என்ன இன்ஜின் இருந்தாலும் 2018இல் அந்த லாரி சாலையை விட்டுப் போகத்தான் வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது ஐந்து ஆண்டுகள் நம்பி ஓடும் இன்ஜின், அவ்வளவே. அதே 2013 ஏப்ரலில், பழைய டீசல் வணிக வாகனங்களை முன்கூட்டியே கைவிட்டு யூரோ 5 வாகனத்துக்கு மாறுவோர் ஏலத்துக்குப் போகாமலே சலுகைக் கட்டணத்தில் சான்றிதழ் பெறும் திட்டமும் தொடங்கியது. அதையும் பொறுமையாகப் பரிசீலித்தோம். சலுகை போகவும் புதிய லாரியின் விலை, தனி ஆளாகக் காய்கறி விநியோகிக்கும் மாமாவின் வருமானத்துக்கு எட்டவில்லை.

"மருமகனே, ஓடுற வண்டிய ஓடாத வண்டியா ஆக்கிடாதே" என்று மாமா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அவருடைய கவலை நியாயமானது. லாரி பட்டறையில் நிற்கும் காலம் முழுவதும் வாடகை லாரிக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். கடைசியில் சொந்த இன்ஜினையே இறக்கி, சிலிண்டர்களைக் கடைந்து ரீபோர் செய்து, அளவு கூடிய பிஸ்டன்களும் புது வளையங்களும் போட்டு, ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, இன்ஜெக்டர் முனைகளையும் டைமிங் பெல்ட்டையும் மாற்றினோம். இன்ஜின் எண் மாறவில்லை, எந்த அனுமதியும் தேவைப்படவில்லை, அடுத்த சோதனையில் புகை அளவும் தேறியது.

இதற்கு நேர்மாறான முடிவு எடுத்தவரையும் எனக்குத் தெரியும். மலேசியாவின் ஜோகூரில் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன், தன் ஹைலக்ஸ் பிக்கப்பின் 2எல் இன்ஜினுக்குப் பதிலாக, பாதியாக வெட்டிய பழைய வண்டிகளை விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து 3எல் வாங்கிப் பொருத்தினார். அங்கே அவர் வண்டிக்கு 20 ஆண்டு என்ற கெடு இல்லை. தோட்டத்து மண் பாதையில் குலைகளை ஏற்றி இழுக்கக் கூடுதல் முறுக்கு விசையும் தேவைப்பட்டது. இன்ஜின் மாற்றத்தைப் பதிவிலும் முறையாகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மாமாவின் டைனா 2018 வரை ஓடிய பிறகே பதிவுநீக்கம் செய்யப்பட்டது. இப்போது இதே யோசனையில் இருப்பவர்கள் சான்றிதழ் முடியும் தேதி, வண்டிக்கு 20 ஆண்டு நிறையும் தேதி ஆகிய இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். இன்ஜினைக் கொடுக்கும் வண்டி, கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வகை டீசல் என்றால் இன்ஜினோடு கணினிப் பெட்டி, வயரிங், சாவியின் இம்மொபிலைசர், மிதியின் சென்சார் அனைத்தும் அதே வண்டியிலிருந்து கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு விலை பேசுங்கள்.