மெட்டல் டிடெக்டரோடு சேர்வராயன் மலையில் தங்கம் தேட அனுமதி எங்கே வாங்குவது?

மாமாங்கம்_பையன்:
ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ பக்கம் வேலை பார்த்துவிட்டு இப்போது சேலத்துக்கே வந்துவிட்டேன். அங்கே லீவு நாளானால் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவோம். விக்டோரியா மாநிலத்தில் ‘மைனர்ஸ் ரைட்’ என்று ஒரு சீட்டு உண்டு. ஒரு தடவை வாங்கினால் 10 வருடம் செல்லும். அரசு நிலத்தில் கைக்கருவியால் தோண்டலாம், கிடைத்த தங்கம் நமக்கே. தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கூடாது, தனியார் நிலமென்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும், குழியை மூடிவிட்டு வர வேண்டும். 1980இல் கிங்கோவரில் ஒருவர் டிடெக்டரை வைத்து 27 கிலோ கட்டியை எடுத்தாரே, அதே வட்டாரம்தான். எனக்கு மிளகு அளவுக்கு மேல் எதுவும் மாட்டவில்லை என்பது வேறு விஷயம்.

மெஷினையும் கொண்டுவந்துவிட்டேன். நாகலூர் பக்கம் மாமாவுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. கஞ்சமலை அடிவார ஓடையிலும் பார்க்க ஆசை. அங்கே தங்கம் உண்டு என்று பாட்டி காலத்திலிருந்தே பேச்சு. இங்கே எந்த ஆபீசில் என்ன சீட்டு வாங்க வேண்டும்?

ஓய்வு_சர்வேயர்:
தம்பி, அப்படி ஒரு சீட்டே நம் நாட்டில் கிடையாது. பொழுதுபோக்குக்குத் தங்கம் தேடுகிறவன் என்று ஓர் ஆளையே நம் சட்டத்துக்குத் தெரியாது. 1957ஆம் வருடத்துச் சுரங்க, கனிமச் சட்டப்படி, கனிமம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செய்கிற வேலைக்கே உரிமம் வேண்டும். 2015க்குப் பிறகு தங்கம் எடுக்கிற உரிமமெல்லாம் ஏலத்தில்தான் போகிறது. கம்பெனிக்காரர்கள் விஷயம் அது. உரிமம் இல்லாமல் இறங்கினால் 5 வருடம் வரை சிறை, அபராதம் ஹெக்டேருக்கு 5 லட்சம் வரை. நடைமுறையில் உங்களை மாதிரி ஒருவர் மேல் அந்தப் பிரிவைப் போடுவார்களா என்பது பிடிக்கிற அதிகாரியைப் பொறுத்தது. அதை நம்பிப் போகக்கூடாது.

அதைவிட முதலில் மாட்டுவது வனத்துறையிடம். கஞ்சமலை காப்புக்காடு. ஏற்காட்டு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறோமே, இரண்டு பக்கமும் பெரும்பாலும் அதே கதைதான். அங்கே 1882ஆம் வருடத்து வனச் சட்டம். தோண்ட வேண்டாம், மண்வெட்டியோடு நின்றாலே ரேஞ்சர் ஆபீசுக்குக் கூட்டிப்போவார்கள். காட்டைத் தாண்டி அடிவாரத்து ஓடை என்றால் நீர்நிலைப் புறம்போக்கு, அதுவும் அரசு நிலம். விக்டோரியாவில் அரசு நிலம் என்றால் போகலாம். இங்கே அரசு நிலம் என்றால்தான் போகக்கூடாது. வேலி இல்லாததைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மிச்சம் இருப்பது மாமாவின் பட்டா நிலம் ஒன்றுதான்.

காந்தமலை:
சட்டம் கிடக்கட்டும், கஞ்சமலையில் மெஷின் வேலை செய்யுமா என்று யோசித்தீர்களா? அந்த மலையே மேக்னடைட் இரும்புத்தாது. ஓடை மணலில் காந்தத்தை ஒரு இழு இழுத்தால் கருப்பு மணல் தாடி மாதிரி தொங்கிக்கொண்டு வரும். சாதாரண வி.எல்.எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஓடுகிற) மெஷினை அங்கே ஆன் செய்தால் நிற்காமல் கத்தும், கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணிலிருந்து வருகிற சிக்னலைக் கழிக்கிற செட்டிங், பிடிக்கவே பிடிக்காது. பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷின் (விட்டுவிட்டுத் துடிப்பாகச் சிக்னல் அனுப்புகிற வகை) கொஞ்சம் தாங்கும், ஆனால் அது பெரும்பாலும் ஆணியையும் குண்டுமணித் தங்கத்தையும் பிரித்துச் சொல்லாது. ஏற்காட்டு மேல்மட்டத்திலோ பாக்சைட், செம்புறை மண். அங்கேயும் இரும்புச்சத்துதான்.

மாமாங்கம்_பையன்:
சரி, மாமா நிலத்துக்கே வருகிறேன். நிலத்துக்காரருக்குத்தான் அடிமண் கனிமமும் சொந்தம் என்று 2013இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறதே?

ஓய்வு_சர்வேயர்:
சொன்னது உண்மை, மலபார் நிலங்கள் சம்பந்தமான வழக்கு அது. ஆனால் சொந்தம் என்பது வேறு, எடுக்க உரிமம் என்பது வேறு. உரிமம் வேண்டாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

உங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. மெஷின் கத்தினால் கீழே இருப்பது தங்கக்கட்டியாக இருக்க வாய்ப்பு குறைவு. பழைய காசோ, செம்போ, யாரோ புதைத்த நகையோ இருக்கலாம். கோனேரிப்பட்டியில் ரோமானியக் காசு கிடைத்த மாவட்டம் இது. அப்படி வந்தால் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், என்ன, எங்கே, எந்தத் தேதியில் என்று. அந்த 10 ரூபாயை இன்றுவரை யாரும் மாற்றவில்லை! பொருளைக் கருவூலத்தில் கட்ட வேண்டும், அல்லது ஜாமீன் தர வேண்டும். அப்புறம் கலெக்டர் அறிவிப்பு போட்டு, 4 முதல் 6 மாதத்துக்குள் ஒரு நாளில் உரிமை கோருகிறவர்களைக் கூப்பிடுவார். யாருடையதும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தானே எடுத்துக்கொள்வதென்றால் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும். மறைத்தால் பங்கும் போச்சு, ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. 100 வருடத்துக்கு மேற்பட்ட பொருளென்றால் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டமும் சேரும். அதை ஆன்லைனில் விற்கிற எண்ணமே வேண்டாம்.

ஆகையால் மாமாவிடம் வாய்ச்சொல் போதாது, எழுதி வாங்குங்கள், பங்கு விவரத்தோடு. அதற்கு முன் பட்டா, சிட்டா, புலப்பட வரைபடம் மூன்றையும் பாருங்கள். மலைத் தோட்டங்களில் காப்பிச் செடி எல்லைக் கல்லைத் தாண்டி காப்புக்காட்டுக்குள் போயிருப்பது சர்வ சாதாரணம். தோட்டம் முடிகிற இடத்தில் பட்டா முடியும் என்று நினைக்காதீர்கள்.

மாமாங்கம்_பையன்:
புரிந்தது. அப்படியென்றால் மெஷினை விற்றுவிட வேண்டியதுதானா?

செம்மடுவு_தோட்டம்:
விற்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் போன பறிப்பில் ஒரு அக்காவின் தோடு விழுந்துவிட்டது. சில்வர் ஓக் வரிசைக்கு நடுவே, சருகு முழங்கால் ஆழம். யாருடையது என்று தெரிந்த பொருளை அவர்கள் கையிலேயே கொடுப்பதற்குக் கலெக்டர் வரை போக வேண்டாம் என்று நினைக்கிறேன், சர்வேயர் ஐயா திருத்தட்டும். வந்து தேடித் தருகிறீர்களா? மழைக்கு முன் வந்தால் அட்டைக்கடி இருக்காது. சாப்பாடு எங்கள் பொறுப்பு.

ஓய்வு_சர்வேயர்:
தாராளமாகப் போகட்டும். போகிறபோது அந்தத் தோட்டத்து வரைபடத்தையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.