புதுப்பிப்பு: அம்மாவின் வாய்ப்புண்ணும் பல் தேய்ப்பதும்

பெம்பிகஸ் வல்காரிஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே தோலையும் வாயையும் தாக்கி, கொப்புளமும் புண்ணும் வரவைக்கும் நோய்) உள்ள அம்மாவுக்கு பிரஷ் பட்டாலே ஈறு உரிகிறது, பல் தேய்ப்பதையே நிறுத்திவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நிறுத்தவே கூடாது என்றார் பல் மருத்துவர். பல்லில் அழுக்கு படிந்தால் ஈறு வீங்கி, புண் ஆறுவது இன்னும் தள்ளிப்போகுமாம்.

இப்போது மிக மென்மையான சின்ன பிரஷ், சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பேஸ்ட். நுரை வரவைக்கும் அந்தப் பொருள் புண் வாயில் எரிச்சலைக் கூட்டும். வாங்கும்போது டியூப்பில் கட்டாயம் படித்துப் பாருங்கள். எங்களுக்குப் பெரிய மாற்றம் இதில்தான் தெரிந்தது. காரமான புதினா பேஸ்ட்டும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் வேண்டாம்.

ஸ்டீராய்டு மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பளித்துத் துப்புகிறார். அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடுவதில்லை. நாக்கில் வெள்ளைப் படலம் வந்தால் பூஞ்சையாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையை மருத்துவர் சுரண்டி எடுப்பது) மட்டும் புண் கொஞ்சம் அடங்கிய பிறகு.