பொருள்: 'மீள்திறன்' ஊர்க்கூட்டத்தில் எடுபடவில்லை, வேறு சொல் தேவை

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். ஊரணி தூர்வாரும் குழு ஒன்று பருவநிலை நிதி கேட்டு விண்ணப்பிக்க இருக்கிறது. அதற்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வறட்சியும் பெருமழையும் மாறிமாறி அடித்தாலும் ஊர் குலைந்துபோகாமல் நிற்கும் வலிமைக்கு 'மீள்திறன்' என்று எழுதியிருந்தேன். கூட்டத்தில் படித்தபோது ஓர் ஆச்சி, "எந்தக் கடனிலிருந்து மீள்வது?" என்று கேட்டார். எங்கள் பக்கம் மீட்பது என்றால் அடகு நகையைத்தான். யோசனை சொல்லுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:
தம்பி, 30 ஆண்டு இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன். இழுத்துவிட்ட கம்பி பழைய நீளத்துக்குத் திரும்புவதைத்தான் 'மீட்சி' என்று பாடம் நடத்தினோம். ஊர் பழைய நிலைக்கே திரும்பினால் அடுத்த வறட்சியில் மறுபடியும் விழும். 'தாங்குதிறன்' என்று போடுங்கள். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்றார் வள்ளுவர். தன்னை வெட்டுகிறவனையே சுமக்கிறது நிலம். இதைவிட என்ன வேண்டும்?

பள்ளத்தூரிலிருந்து:
ஐயா, அந்தக் குறள் பொறையுடைமையில் வருகிறது. பொறுத்துப்போவதற்கு எதற்கு நிதி? ஏழை எதையும் தாங்குவான் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தச் சொல் மிகவும் வசதி. 'மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும்' என்று மரத்தைச் சொல்கிறோம். 'ஈடுதிறன்' என்பதே என் பரிந்துரை. 'நிதி' வடசொல், அதையும் விட்டு 'மகமை' என்று எழுதலாம். வணிகர்கள் வரவில் ஒரு சிறு பங்கை அறத்துக்கு ஒதுக்கிய ஏற்பாடு அது. 'மகன்மை' என்பதே மகமை ஆயிற்று என்று நான் கருதுகிறேன்: ஊருக்கு மகனாக நின்று செய்வது.

காரைக்குடி:
ஈடு என்றாலும் அடகுதான் அம்மா. ஆச்சி மறுபடியும் நகைக்கே போவார். மகமை எனக்கும் பிடித்த சொல். ஆனால் அது மனமுவந்து தருவது. ஏழை நாடுகள் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க உதவும் பசுமைப் பருவநிலை நிதியம் 2010இல் கான்கூன் மாநாட்டில் முடிவானது. புகை கக்கி வளர்ந்த நாடுகளின் கடமை. கடமையைக் கொடையாக்கிவிடக் கூடாது.

பள்ளத்தூர்:
மகமை கொடை அல்ல. வணிகம் நடந்தால் கொடுத்தாக வேண்டும். மாறும் பருவநிலைக்கு ஏற்ப வாழ உதவும் தகவமைப்பு நிதியத்தைப் பாருங்கள்: கியோட்டோ நெறிமுறை என்ற உலக உடன்பாட்டின் கீழ், தூய்மை வளர்ச்சித் திட்டங்களில் விளைந்த கரிம வரவுகளில் (புகையைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்றுகளில்) 2 விழுக்காட்டை எடுத்துத்தான் அதற்குப் பணம் சேர்த்தார்கள். வணிகத்தில் ஒரு பங்கு பொதுக்காரியத்துக்கு. இதற்கு மகமையைவிடப் பொருத்தமான சொல்லைக் காட்டுங்கள்.

தேவகோட்டை:
காட்ட முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தியாவில் அந்த நிதியத்தின் ஏற்பு பெற்ற அமைப்பு, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான வங்கியான நபார்டு. விண்ணப்பத்தில் 'மகமை' என்று கண்டால் அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பார்கள்? இன்னொன்று: 'ஊரணி' பிழை. ஊர் உண்ணும் நீர் 'ஊருணி'. 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்பதே குறள். திருத்துங்கள்.

பள்ளத்தூர்:
ஊருக்கு அணியாக இருப்பதால் ஊரணி என்பார் என் தந்தையார். நீர் நிறைந்த நாளில் படித்துறையில் நின்றவர்களுக்கு அது பிழையாகத் தெரியாது.

காரைக்குடி (வியாழன் இரவு):
27 மடல்கள் ஆகிவிட்டன. பெரும்பாலோர் 'தாங்குதிறன் நிதி' என்கிறார்கள், அப்படியே அனுப்புகிறேன். 'தாக்குப்பிடித்து, முன்னிலும் வலுவாக நிற்பது' என்று முதல் பக்கத்தில் விளக்கம் சேர்த்திருக்கிறேன். ஊரணி ஊரணியாகவே இருக்கும். ஊர்ப் பெயர்ப்பலகையில் அப்படித்தான் உள்ளது.

பள்ளத்தூர்:
என் மறுப்பு நிற்கிறது. ஊரார் போடும் பங்குத்தொகையைச் சொல்லும் பத்தியிலாவது 'மகமை' என்று எழுதுங்கள். அந்தப் பணத்தை வீடு வீடாக வாங்கப் போகிறவர் அந்த ஆச்சிதான்.