வசூலுக்கு முன்னால் ஊரைக் கேட்டோம்

பள்ளிக் கட்டடத்துக்கு நிதி திரட்டப் போகிறோம், அதற்கு முன்னால் சாத்தியக்கூறு ஆய்வு, அதாவது யார் எவ்வளவு தருவார்கள், எவ்வளவு திரளும் என்று முன்கூட்டியே விசாரித்துப் பார்ப்பது, அவசியமா என்று கேட்டிருந்தவர்களுக்காக எழுதுகிறேன். அவசியம். அதுவும் நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னாலேயே.

எங்களுடையது குடியாத்தம் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி. ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு எட்டு வகுப்பறை, ஒரு ஆய்வகம், மாடியில் கலையரங்கம், மொத்தம் இரண்டு கோடி என்று இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் வருவார்கள், அப்போதே வசூலைத் தொடங்கிவிடலாம் என்று குழுவில் பாதிப்பேர் நின்றார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஐம்பது லட்சம் தருவார் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. அவரிடம் யாரும் பேசியிருக்கவில்லை. வேலூரில் சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரின் மருத்துவமனைக்கு அமெரிக்க வங்கியாளர் ஷெல் ஒருவரே 10,000 டாலர் கொடுத்தாரே, 1902-இல் கட்டடம் வந்துவிட்டதே என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மைதான், ஆனால் ஷெல் அதைத் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்தார். கொடுப்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

காட்பாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தோம். பள்ளிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அதனால்தான் அவர். தாளாளர் நேரில் போய் உட்கார்ந்தால் காபி கொடுத்து "செய்யலாம் சார்" என்பார்கள், அந்தச் "செய்யலாம்" ஆயிரமா லட்சமா என்று கடைசிவரை தெரியாது. வங்கி அதிகாரியின் கையில் இரண்டு பக்கத் திட்டமும் ஒரு அட்டவணையும் இருந்தன. நாற்பது லட்சம் ஒருவர், இருபது லட்சம் இரண்டு பேர், பத்து லட்சம் நான்கு பேர் என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். அதைக் காட்டி, "இதில் உங்களை எந்த வரியில் வைத்துப் பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். கட்டட நிதியில் பாதிக்கு மேல் பத்துப் பதினைந்து பேரிடமிருந்துதான் வரும், ஐநூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் ரசீதை மட்டும் நம்பித் தளம் போட முடியாது. யார் என்ன சொன்னார் என்பது அறிக்கையில் வராது என்று முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தோம், அதனால் மனம்விட்டுப் பேசினார்கள்.

போன முறை சுற்றுச்சுவருக்கு வாங்கிய பணத்துக்குக் கணக்கு எங்கே என்று பலரும் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லாதபோது கலையரங்கம் எதற்கு என்பது ராணுவத்தில் இருந்து வந்தவர்களின் கேள்வி. வருமான வரியில் புதிய முறைக்குப் போனவர்களுக்கு, நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகையே கிடையாது, அதைக் காட்டி அவர்களிடம் கேட்க முடியாது. சவுதியில் வேலை செய்யும் நம் பாஸ்போர்ட்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம், ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவரின் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பள்ளிக்குப் பதிவு வேண்டும். எங்களிடம் அது இல்லை. ஆக, நாங்கள் எழுதி வைத்திருந்த பெரிய தொகைகளில் இரண்டு அங்கேயே போய்விட்டன.

ஒரு கோடிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று அறிக்கை வந்ததும் குழுவில் சண்டை. ஆய்வுக்குக் கொடுத்த காசில் ஜன்னல் போட்டிருக்கலாம் என்று கூடச் சொன்னார்கள். எனக்கு அந்தச் செலவு முழுக்க நியாயமாகவே படுகிறது. கலையரங்கத்தை விட்டோம், கழிப்பறையைச் சேர்த்தோம், பழைய கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்துச் சரிபார்த்துப் பள்ளி வாசலில் ஒட்டினோம். அப்புறம்தான் வசூல். ஆம்பூர்க்காரர் ஆய்வகத்துக்குத் தன் அம்மா பெயரை வைத்தால் இருபது லட்சம், மூன்று தவணையில், என்று தானாகவே சொன்னார்.

ஒன்று மட்டும். ஆய்வு செய்பவருக்கு மொத்தமாக ஒரு தொகை பேசிக் கொடுங்கள், வசூலில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள், அப்படிப் பேசினால் முடியாது என்ற பதிலை அவரால் எழுத முடியாது. கேள்வித்தாள் வேண்டுமென்றால் அனுப்புகிறேன். பெயர்களையும் தொகைகளையும் மட்டும் கேட்காதீர்கள்.