ஆனைக்கற்றாழை ஒரே வாரத்தில் சரிந்துவிட்டது: தாகமா, உப்பா, வேறெதாவதா?

உப்புக்காற்று:
வணக்கம். எங்கள் வீடு பாலைவனக் கடலோரத்தில் இருக்கிறது. மழை வருடத்தில் ஓரிரு நாள் வந்தால் பெரிது. அதனால் வீட்டைச் சுற்றி ஆனைக்கற்றாழை, சோற்றுக்கற்றாழை, திருகுகள்ளி, சப்பாத்திக்கள்ளி என்று தண்ணீர் அதிகம் கேட்காத செடிகளாகவே வைத்தேன். எட்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. இப்போது இரண்டு தொல்லை.

கடலைப் பார்த்த வரிசையில் மடல் நுனிகள் பழுப்பாகக் காய்கின்றன. போன வருடம் நட்டவற்றில்தான் அதிகம். அது கூடப் பரவாயில்லை. இருப்பதிலேயே பெரிய ஆனைக்கற்றாழை, என் இடுப்புக்கு மேல் உயரம், போன வாரம் வரை கம்பீரமாக நின்றது. இப்போது அடிமடல்கள் எல்லாம் தரையில் படுத்துவிட்டன. நடுக்குருத்து மட்டும் நிமிர்ந்திருக்கிறது. தாகம் என்று நினைத்து ஐந்து நாளாக மாலையில் இரண்டு வாளி ஊற்றுகிறேன். இன்னும் மோசமாகிறது. என்ன செய்யட்டும்?

வெள்ளைமணல்:
பூக்கப் போகிறதோ? பூத்தால் தாய்ச்செடி செத்துவிடும் அல்லவா?

முள்வேலி:
பூப்பதாக இருந்தால் நடுவிலிருந்து கம்பம் போல ஒரு தண்டு கிளம்பியிருக்கும். அது பல மீட்டர் உயரம் போகும், யார் கண்ணுக்கும் தப்பாது. பூத்து விதை முற்றிய பிறகுதான் செடி மெல்ல வாடும். இது அது இல்லை.

உப்புக்காற்று, முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். கற்றாழை இனம் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் மூச்சு விடும். அவ்வளவு சிக்கனமான செடி ஒரே வாரத்தில் தாகத்தால் சரியாது. தாகம் என்றால் மடல் மெலிந்து சுருங்கும், ஆனால் அடி இறுக்கமாகவே இருக்கும்.

ஒரு சோதனை செய்யுங்கள். தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். அந்தச் சாற்றில் ஊசி போன்ற படிகங்கள் உண்டு, தோலில் பட்டால் அரித்தெடுத்துவிடும். நடுக்குருத்தைப் பிடித்து ஆட்டுங்கள். அசையாமல் நின்றால் பிழைக்க வழி இருக்கிறது. ஆடினால் அடியைத் தோண்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உப்புக்காற்று:
ஆட்டினேன். கையோடு வந்துவிட்டது அண்ணா. குருத்தின் அடி பழுப்புக் கூழாக, புளித்த நாற்றம். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளைப் புழுக்கள், கால் இல்லை, தலை மட்டும் செம்பழுப்பு. மண்ணில் நார் சுற்றிய கூடு மூன்று கிடந்தது. ஒன்றைப் பிரித்தால் நீண்ட மூக்கோடு ஒரு கறுப்பு வண்டு. பக்கத்தில் நான்கு கன்றுகள் இருக்கின்றன. அவற்றையாவது காப்பாற்ற முடியுமா?

முள்வேலி:
கற்றாழைக் கூன்வண்டு. தென்னையைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கு நெருங்கிய உறவு. தாய் வண்டு மடலின் அடியைத் துளைத்து முட்டையிடும். கூடவே கிருமியும் உள்ளே போய்த் தண்டு அழுகும். புழு அந்த அழுகலைத் தின்று வளரும். வெளியே தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். வயதான ஆனைக்கற்றாழை என்றால் அதற்கு விருந்து. நீங்கள் கவனிக்காமல் விட்டதாக நினைக்க வேண்டாம்.

தாய்ச்செடியை இன்றே வேரோடு எடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். தடித்த பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். சுற்றியுள்ள மண்ணைச் சலித்து ஒவ்வொரு கூட்டையும் பொறுக்குங்கள். இந்த வேலையில்தான் பலர் சலித்துப்போய்ப் பாதியில் விடுகிறார்கள், அடுத்த செடி போகிறது. கன்றுகளைப் பிரித்து அடியைச் சீவுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்ல கன்று. பழுப்புத் துளை தெரிந்தால் அதையும் கட்டிவிடுங்கள். நல்லவற்றை நிழலில் ஒரு வாரம் காயவைத்து வேறு இடத்தில் நடுங்கள்.

மற்ற பெரிய செடிகளுக்கு வெயில் ஏறும் பருவத்துக்கு முன் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்தை, டப்பாவில் போட்டிருக்கும் அளவில் வேரில் ஊற்றலாம். வந்தபின் ஊற்றிப் பயன் குறைவு. பூத்தண்டு கிளம்பிய செடிக்கு வேண்டவே வேண்டாம், தேனீக்கள் அந்தப் பூவில்தான் மொய்க்கும்.

கரைக்கள்ளி:
நுனி காய்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நட்டபோது என்ன மண் போட்டீர்கள்?

உப்புக்காற்று:
போன வருட வரிசைக்கு மட்டும் கடற்கரை மணலையே அள்ளிக் கலந்தேன். மணல்தானே என்று.

கரைக்கள்ளி:
அதுதான் காரணம். காற்று கொண்டுவரும் உப்பு போதாதென்று வேரிலும் உப்பு. மண் மேல் வெள்ளைப் பொருக்கு இருக்குமே, பாருங்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கழுவிய பருமணலும் சரளையும் கலந்த மேட்டில் மாற்றி நடுங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு மேலேயே தங்கும். நாள் விட்டு, ஊற்றும்போது நல்ல தண்ணீரை ஆழமாக இறங்கும்படி விடுங்கள், உப்பு வேருக்குக் கீழே போகும். சொட்டுக்குழாய் இருந்தால் தண்டை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். கடற்காற்று பலமாக அடித்த மறுநாள் மடல்களையும் கழுவிவிடுங்கள். காய்ந்த நுனி மறுபடி பச்சையாகாது, புது மடலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உப்புக்காற்று (ஆறு வாரம் கழித்து):
நான்கில் ஒரு கன்றில் துளை இருந்தது. மற்ற மூன்றும் வேர் பிடித்துவிட்டன, லேசாக இழுத்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சலித்ததில் இன்னும் பதினொரு கூடு கிடைத்தது. கடல் பக்க வரிசையில் புது மடல்கள் நுனிவரை சுத்தமாக வருகின்றன. உங்கள் எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று: சப்பாத்திக்கள்ளியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருக்கிறது. நசுக்கினால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. இதுவும் ஆபத்தா?

முள்வேலி:
அது சாயப்பூச்சி, கோச்சினீல். அந்தச் சிவப்பைத்தான் துணிக்குச் சாயமாக ஏற்றுவார்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், பஞ்சு கழன்றுவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. அதிகம் அப்பியிருக்கும் மட்டையை மூட்டில் வெட்டி எடுங்கள்.