கலைச்சொல் தேவை: தொட்டி மீன்களின் ‘அக்ரெஷன்’, ‘கம்பேட்டிபிலிட்டி’

நா. எழுதியது:

குழுவினர்க்கு வணக்கம். மீன் வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் அட்டவணை மட்டும் இழுத்தடிக்கிறது. பல இன மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் எது எதோடு ஒத்துப்போகும் என்று காட்டும் கட்டங்கள் அவை. மேலே தலைப்பு ‘கம்பேட்டிபிலிட்டி’. ஓரத்து நெடுவரிசையில் ஒவ்வொரு மீனின் ‘அக்ரெஷன்’, அதாவது மற்றதன்மேல் பாயும் இயல்பு, குறைவா, நடுத்தரமா, மிகுதியா என்று வரும். அந்த நெடுவரிசை எட்டு எழுத்துக்கு மேல் தாங்காது. ‘ஆக்ரோஷம்’, ‘பொருத்தம்’ என்று அனுப்பினேன், பதிப்பாசிரியர் இரண்டையும் சுழித்துவிட்டார். பொருத்தம் என்றாலே அவருக்கு ஜாதகக் கட்டம்தான் கண்ணில் தெரிகிறதாம். வேறு சொல் தாருங்கள்.

செ. எழுதியது:

ஆக்ரோஷத்தைச் சுழித்தது சரிதான். வடமொழியில் அதன் வேருக்குக் கூவுதல், உரக்க வைதல் என்று பொருள். மீன் யாரை வைகிறது? ‘ஆக்கிரமிப்பு’ கிட்டத்தில் வருகிறது. ஆ + க்ரம், ஒன்றை நோக்கி அடியெடுத்து வைத்தல். இலத்தீனில் அக்ரெஷனுக்கு மூலமான சொல்லுக்கும் நோக்கி நடத்தல் என்பதே பொருள். உறவில்லாத இரண்டு வேர்கள் ஒரே எண்ணத்தில் வந்து நிற்கின்றன, பாருங்கள். தமிழிலும் ‘மேற்சேறல்’ உண்டே. பகைமேற் செல்வதுதானே வஞ்சித் திணை?

தொட்டிக்காரன் எழுதியது:

> மீன் யாரை வைகிறது?

வையும் ஐயா. குரோக்கிங் கொராமி என்று ஒரு சின்ன மீன் உண்டு. சண்டைக்கு நிற்கும்போது மார்புத் துடுப்பின் தசைநாணை நரம்பு மீட்டுவதுபோல் சுண்டிக் கரகரவென்று ஒலி எழுப்பும். தொட்டிக்கு வெளியே நிற்கிறவர் காதிலும் விழும்.

ஆனால் ஆக்கிரமிப்பு வேண்டவே வேண்டாம். ரெட் டெயில் ஷார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள் (பேர்தான் சுறா, ஆள் கெண்டைக் குடும்பம்). ஒரு கல்லிடுக்கைத் தன்னுடையது என்று பிடித்துவைத்திருக்கும். புது மீன் ஒன்று விவரம் தெரியாமல் அந்தப் பக்கம் போனால் மூலைக்கு மூலை விரட்டும். இங்கே ஆக்கிரமிக்க வந்தது யார்? அடிவாங்கின மீன்தான். உங்கள் அட்டவணையோ குடியிருக்கிறவனுக்கு ஆக்கிரமிப்பாளன் என்று பட்டம் கட்டும்.

புலவர் எழுதியது:

மூன்றெழுத்தில் சொல் இருக்க ஏன் இந்த அலைச்சல்? இகல்.

‘இகலென்ப எல்லா உயிர்க்கும் பகலென்னும் பண்பின்மை பாரிக்கும் நோய்’ (குறள் 851). எல்லா உயிர்க்கும் என்றே வள்ளுவர் சொல்லிவிட்டார், மீன் உட்பட. பகல் என்பது இங்கே பொழுதன்று, பகுதல்; பிற உயிரோடு கூடாமை. ஆக நா. அவர்கள் கேட்ட இரண்டும் ஒரே குறளில் கிடக்கின்றன. அக்ரெஷன் இகல், ஒத்துப்போகாமை பகல். எதுகையும் உண்டு. கட்டத்தில் எழுத்தும் மிச்சம்.

நா. எழுதியது:

புலவர் ஐயா, இகல் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் கையேட்டை வாங்குகிறவர் முதல்முதலாகத் தொட்டி வைக்கிறவர். ‘டைகர் பார்ப்: இகல் நடுத்தரம்’ என்றால் அதை ஒரு தீனியின் பெயர் என்று நினைப்பார். பகல் என்று போட்டாலோ விளக்கு எரியவேண்டிய நேரம் என்றே கொள்வார்.

மு. எழுதியது:

விலங்கியல் வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. சொல் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இந்த ஒரே நெடுவரிசைக்குள் குறைந்தது மூன்று வேறு நடத்தைகள் அடைபட்டிருக்கின்றன.

டைகர் பார்ப் கூட்டத்து மீன். ஆறுக்குக் குறைவாக விட்டால் தமக்குள் துரத்தித் தீர்க்கவேண்டியதை ஏஞ்சல் மீனின் நீண்ட துடுப்பில் காட்டும். ஓரம் ஓரமாகக் கடித்து நார்நாராக்கிவிடும். எட்டு, பத்து என்று விட்டால் பெரும்பாலும் தம் கூட்டத்துக்குள்ளேயே ஓடிப்பிடித்துக்கொண்டிருக்கும். கான்விக்ட் சிக்லிட் இணை அப்படியில்லை. முட்டையிட்டதும் தொட்டியில் பாதியைத் தடைசெய்த பகுதி ஆக்கிவிடும், தன்னைவிடப் பெரிய மீனையும் மோதித் தள்ளும். குஞ்சுகள் பெரிதாகிப் பிரிந்தபின் அந்த வேகம் தணியும். மூன்றாவது, ஏஞ்சல், நியான் டெட்ரா என்ற பொடிமீனை விழுங்குவது. அதில் பகையே இல்லை, பசிதான். வாய்க்குள் அடங்குவது இரை, அவ்வளவே.

விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1963-இல் அக்ரெஷனைப் பற்றி எழுதியபோது பவளப்பாறை மீன்களிலிருந்துதான் தொடங்கினார். தன் இனத்தோடு போடும் சண்டையையே அவர் அப்படி அழைத்தார், இரை பிடிப்பதைச் சேர்க்கவில்லை. ஆகவே எந்தச் சொல் வைத்தாலும் ஏஞ்சல்–நியான் கட்டத்தில் அது பொய்யாகும்.

என் முன்மொழிவு ‘தாக்குகுணம்’. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

தொட்டிக்காரன் எழுதியது:

மு. அம்மா சொன்ன மூன்றும் சரி. ஆனால் ‘குணம்’ இடிக்கிறது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் ம்பூனா சிக்லிட்டுகளை நாலைந்து மட்டும் விட்டால் அவற்றில் வலியது இன்னொன்றையே குறிவைத்து அடித்துக் கொன்றுவிடும். அதனால் வேண்டுமென்றே நெருக்கமாக விடுவார்கள், வடிகட்டியையும் தண்ணீர் மாற்றுவதையும் அதற்கேற்பக் கூட்டிக்கொண்டு. அடி எல்லார்க்கும் பங்காகும், எதுவும் சாகாது. மீன் அதேதான், குணம் எங்கே போயிற்று? பாதி தொட்டியின் குணம் ஐயா அது.

செ. எழுதியது:

அப்படியானால் ‘தாக்குபோக்கு’. அல்லது ‘தாக்குநாட்டம்’. நாட்டம் என்றால் கண் என்றும் பொருள் உண்டு, நாடுவது கண்தானே.

இன்னொன்று. துடுப்பு என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். துடுப்பு படகுக்கு, மீனுக்குச் ‘செட்டை’ என்று ஈழத்தில் அழகாகச் சொல்கிறார்கள். அதையும் இப்போதே சரிசெய்துவிடலாமே?

நா. எழுதியது:

செ. ஐயா, கையேட்டில் துடுப்பு பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இன்று புதன். செட்டைக்குத் தனி இழை தொடங்குங்கள், நான் வந்து வாதாடுகிறேன். இப்போது கம்பேட்டிபிலிட்டிக்கு வாருங்கள். கணினித் தமிழில் ‘ஒத்தியல்பு’ என்று ஒன்று இருக்கிறது, எடுபடுமா?

மு. எழுதியது:

ஒத்தியல்பு என்றால் ஒரே இயல்பு உடையவை என்று ஆகிவிடும். இரண்டு ஆண் ஃபைட்டர் மீன்களுக்கு ஒரே இயல்புதான், அதனால்தான் சேர்த்து விட முடியாது. ‘இணக்கம்’ போடலாம்.

புலவர் எழுதியது:

இணக்கம் தேய்ந்த சொல். ‘உடனுறைவு’ என்று வையுங்கள். ‘உடம்பா டிலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போ டுடனுறைந் தற்று’ (குறள் 890). ஒத்துவராதவை ஒரே அடைப்புக்குள் வாழ்வதற்கு இதைவிட நேரான வரி எங்கே உண்டு? குடங்கர் என்பதற்குப் பரிமேலழகர் குடில் என்று உரைக்கிறார். எனக்கோ அது குடம் என்றே படுகிறது. குடம், குடங்கை, குடங்கர் எல்லாம் வளைவுப் பொருளில் பிறந்தவை. குடிலுக்குள் பாம்பு வந்தால் ஆள் வெளியே ஓடிவிடலாம். குடத்துக்குள் ஓட இடமேது? ஆகவே ‘மீன்குடங்கர்’ என்றே தொட்டிக்கும் பெயர் வைக்கலாம் என்பது என் துணிபு.

தொட்டிக்காரன் எழுதியது:

ஓட இடமில்லை என்பதுதான் எல்லாச் சண்டைக்கும் மூலம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆற்றில் தோற்ற மீன் விலகிப் போய்விடும், இங்கே கண்ணாடி. ஆனால் உடனுறைவு என்றால் கல்யாணம் ஆகாத ஜோடி என்று படிப்பார்கள்.

இணக்கத்திலும் ஒரு குறை. தங்கமீனும் டிஸ்கஸும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது. ஆனாலும் சேர்த்து வைக்கக்கூடாது. டிஸ்கஸுக்கு 28–30 டிகிரி செல்சியஸ் வேண்டும், தங்கமீனுக்குச் சுமார் 18–22 போதும். மாலிக்குக் கடின நீர், நியானுக்கு மென்னீர். இதில் இணங்காதது மீனா, தண்ணீரா? மீன் வளர்க்கிறவர்கள் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே சொல்தான் சொல்வோம்: சேரும், சேராது. சண்டை போட்டாலும் சேராது, சூடு ஒத்துவராவிட்டாலும் சேராது.

மு. எழுதியது:

சேராது! எத்தனை மடலுக்குப் பிறகு. ஆனால் வினையைத் தலைப்பில் எப்படி நிறுத்துவது? ‘சேர்மை’ என்று பெயராக்கினால் உயிர் போய்விடுகிறது.

நா. எழுதியது:

நேரமில்லை, முடிக்கிறேன். தலைப்பு ‘இணக்கம்’. கட்டங்களுக்குள் சேரும், சேராது, ‘பார்த்து விடவும்’. ஏஞ்சல்–நியான் கட்டத்தில் மட்டும் ‘தின்றுவிடும்’. ஓர நெடுவரிசை ‘தாக்குகுணம்’. தொட்டிக்காரருடைய மறுப்பை மனத்தில் கொண்டு, கூட்டத்தின் அளவைப் பொறுத்து மாறும் என்று ஒரு வரி கீழே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலோர் சரி என்று தனிமடலில் எழுதிவிட்டார்கள், சிலர் விட்டால் போதும் என்று எழுதியிருக்கிறார்கள்.

புலவர் எழுதியது:

நான் உடன்படவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். மறுபதிப்பில் இகல்.

செ. எழுதியது:

நா., தாக்குகுணம் வினைத்தொகை, ஒற்று மிகாது. பதிப்பாசிரியர் ‘தாக்குக்குணம்’ என்று திருத்திவிடப்போகிறார், மெய்ப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செட்டைக்கு இழை தொடங்கிவிட்டேன்.