சிம்ஃபொனி முதல் ஒண்டும் கேக்கேல்லை, பிறகு வெடிக்குது. நல்ல ரெக்கோடிங் சொல்லுங்கோ (அவசரம்)

கடற்கரைவீதி:
வணக்கம். பாட்டுக் கேக்கப் புது செற் ஒண்டு பூட்டினன். சினிமாப் பாட்டு, நாதஸ்வரம் எல்லாம் அருமை. சிம்ஃபொனி போட்டால் மட்டும் கரைச்சல். ஒண்டும் கேக்காது எண்டு வொலியூமைக் கூட்டினால் திடீரெண்டு இடி விழுது, பக்கத்து வீட்டு மாமி மதிலால எட்டிப் பாக்கிறா. ரெக்கோடிங் சரியில்லைப் போல. நல்லாப் பதிஞ்ச அல்பம் நாலைஞ்சு சொல்லுங்கோ. சனிக்கிழமை கொழும்புக்குப் போறன், அதுக்குள்ள வேணும்.

நிலாவெளி77:
என்ன அம்ப்ளிஃபையர் (அம்ப்)? என்ன ஸ்பீக்கர் பொக்ஸ்? சீடியா, போனில இருந்து புளூடூத்தா? எந்த சிம்ஃபொனி, ஆர் நடத்தினது? வருத்தத்தைச் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்பிடி?

உப்புக்காத்து:
பேரைப் பாத்தாலே தெரியுது, கடலுக்குக் கிட்ட வீடு. எனக்கு வேற சந்தேகமே இல்லை. அம்பின்ர பின்பக்கம் வயர் குத்திற ஆர்சிஏ சொக்கற்றைப் பாருங்கோ, பச்சை பூத்திருக்கும். கரன்டை நிப்பாட்டிப்போட்டு ஐசோபுரொப்பைல் அல்ககோலால துடையுங்கோ. திருமலையில பாதிப் பிரச்சினை அதுதான்.

நிலாவெளி77:
புது செற் எண்டு எழுதியிருக்கிறார். அதுக்கிடையில பூக்குமோ?

உப்புக்காத்து:
டச்சுக் குடாப் பக்கம் வந்து இருந்து பாத்திட்டுக் கதையுங்கோ.

மூத்தசெவி:
தம்பி, சிம்ஃபொனி எண்டது தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கேக்கிற சாமான் இல்லை. முதல் காதைப் பழக்கும். கார்லோஸ் கிளைபர் 1974ல வியன்னா ஃபில்ஹார்மொனிக் ஓர்கெஸ்ட்ராவோட பதிஞ்ச பேத்தோவன்ர 5ஆம் சிம்ஃபொனி இருக்கு. அது ஒண்டு போதும். அதுவும் பிடிபடேல்லை எண்டால் செற்றை வித்துப்போட்டு றேடியோ வாங்கும்.

கடற்கரைவீதி:
வேலையில நிண்டன். சைகோவ்ஸ்கியின்ர 6ஆம் சிம்ஃபொனி. கரென்ட்ஸிஸ் நடத்தினது. சீடிதான், வயர்தான்.

சுருதிப்பெட்டி:
இதை முதலே சொல்லியிருந்தால் உப்பும் வேண்டாம், ஏச்சும் வேண்டாம்.

முதல் பகுதியில ஏறக்குறைய பாதிவழியில ஒரு இடம் வரும். கிளாரினெற் எண்ட ஊதுற வாத்தியம் அடங்கி அடங்கிப் போய்க் கடைசி நாலு சுரத்தை பசூன் எண்ட இன்னொரு ஊதுற வாத்தியத்திட்டை விடும். அந்த இடத்தில 'சத்தம் குறைச்சு' எண்ட குறியை சைகோவ்ஸ்கி ஆறு தரம் அடுக்கி எழுதியிருக்கிறார். பசூனால அவ்வளவுக்கு அடங்கி வாசிக்கிறது கஷ்டம் எண்டு கன நடத்துநர்மார் அதை பாஸ் கிளாரினெற்றுக்குக் குடுக்கிறவை. அது முடிய முழு ஓர்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒரே அடி. மாமி எட்டிப் பாத்தது அதுக்குத்தான். 2017ல வந்த உங்கட அல்பம் அந்த வித்தியாசத்தை வேணுமெண்டே அகட்டி வச்சிருக்கு. பிழையான ரெக்கோடிங் இல்லை, கொஞ்சம் பொல்லாத ரெக்கோடிங்.

சீடியில ஆக மெல்லிசான சத்தத்துக்கும் ஆகப் பெரிய சத்தத்துக்கும் இடையில ஏறக்குறைய 96 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கிற அலகு) இடம் இருக்கு. உங்கட ஹோலில ஃபான் வேகமாச் சுத்தினால் அந்த இரைச்சலே 45, 50 வரும். அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் ஃபானுக்குள்ள போயிடும். சினிமாப் பாட்டை நசுக்கி ஒரே மட்டத்தில வச்சிருப்பினம், அதால உங்களுக்குத் தெரியேல்லை. நிலம் டைல்ஸ் எண்டால் பொக்ஸுக்கு முன்னால தடிச்ச விரிப்பு ஒண்டு போடுங்கோ, அடி கொஞ்சம் மெத்தெண்டு விழும்.

கொழும்பில தேடுறதெண்டால் முதல் சார்ல்ஸ் மியூன்ஷ் நடத்தி பொஸ்டன் சிம்ஃபொனி ஓர்கெஸ்ட்ரா வாசிச்ச சென்-சான்ஸின்ர 3ஆம் சிம்ஃபொனி, ஆர்சிஏ கொம்பனிப் பதிவு, 1959. பழைய டேப் இரைச்சல் லேசாக் கேக்கும், பரவாயில்லை. முதல் பாதியின்ர மெல்லிசான இடத்தில தந்திவாத்தியங்களுக்கு அடியில ஓர்கன் நிக்கிறதைக் கவனியுங்கோ. சின்னப் பொக்ஸ் எண்டால் அது கேக்காமலே போகும். கடைசிப் பகுதியில அதே ஓர்கன் சி மேஜரில வந்து நிக்கேக்க ஆருக்கும் கேக்கும். பிறகு கெர்டெஸ் நடத்தி 1961ல வியன்னாவில டெக்கா கொம்பனிக்குப் பதிஞ்ச ட்வோர்ஷாக்கின்ர 9ஆம் சிம்ஃபொனி. புதுசு வேணுமெண்டால் ஹொனெக் நடத்தி பிற்ஸ்பேர்க் ஓர்கெஸ்ட்ரா வாசிச்ச ஷொஸ்டகோவிச்சின்ர 5ஆம் சிம்ஃபொனி. 2018ல கிராமி விருது ரெண்டு எடுத்தது, ஒண்டு ஒலிப்பதிவுக்கே. ஆனால் அதுவும் ஃபானோட சரிவராது.

கறுப்புத்தட்டு:
இவ்வளவும் எழுதினனீங்கள், எல்பி, அதுதான் ஊசி வச்சுக் கேக்கிற பெரிய இசைத்தட்டு, எண்டு ஒரு சொல் இல்லை. மியூன்ஷை எல்பியில கேக்கவேணும்.

சுருதிப்பெட்டி:
எல்பியில 60, 70 டெசிபல்தான் கிடைக்கும். ஃபான் போடுற வீட்டுக்கு அதுதான் வசதி எண்டும் சொல்லலாம், நான் மறுக்கேல்லை.

கறுப்புத்தட்டு:
நான் டெசிபல் கேக்கிறதில்லை. சங்கீதம் கேக்கிறனான்.

உப்புக்காத்து:
மார்கழி மழைக்கு எல்பி உறையைத் திறந்து பாத்தனீங்களோ? பூஞ்சணம்.

கறுப்புத்தட்டு:
உங்கட வீட்டில உப்பும் பூஞ்சணமும் தவிர வேற என்னதான் இருக்கு? நிமித்தி அடுக்கி, அலுமாரிக்குள்ள ஒரு பல்ப் எரியவிட்டால் ஒண்டும் பிடிக்காது.

மூத்தசெவி:
கிளைபரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. இதுதான் இண்டைய ரசனை.

சுருதிப்பெட்டி:
வாசிப்பு எண்டால் கிளைபருக்கு மேல ஆருமில்லை ஐயா. தம்பி கேட்டது பதிவைப் பற்றி. அந்தப் பதிவு என்ர காதுக்குக் கொஞ்சம் ஒடுக்கமாத்தான் கிடக்கு.

மூத்தசெவி:
உம்மட காது.

நிலாவெளி77:
அம்ப் என்னெண்டு அவர் இன்னும் சொல்லேல்லை.

கடற்கரைவீதி:
கொழும்பால வந்திட்டன். மியூன்ஷ் கிடைச்சுது, ட்வோர்ஷாக் இல்லை. ஃபானை நிப்பாட்டிப் போட்டுக் கேட்டன், ஓர்கன் அடியில நிக்கிறது கேக்குது. வேர்த்து ஊத்துது. ஹோலுக்கு ஏசி பூட்டுவமோ எண்டு யோசிக்கிறன். எல்லாருக்கும் நன்றி.

உப்புக்காத்து:
பூட்டுங்கோ. வெளியில வைக்கிற பெட்டியின்ர கொயிலை உப்புத் தின்னும், அதுக்கும் ஒரு இழை திறப்பம்.